ஒட்டுக்கன்றும் தலைமுறைகளும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., தாவரவியல்)

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லப் பாதைகள் இரண்டு உண்டு. கோரிமேடு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பாதையைச் சுற்றுலாப் பயணிகள் யாவரும் அறிவர். மற்றொன்று, அயோத்தியாப்பட்டணத்துப் பக்கமாகச் சென்று, குப்பனூரில் மலையைத் தொட்டு, கொட்டச்சேடு வழியாக மேலே ஏறுவது. மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், 1820 முதல் 1829 வரை சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பியும், அதன் நிழல் மரங்களில் படரும் மிளகும், ஆரஞ்சும் பலாவும் விளைகின்றன. கீழே, குப்பனூர்ப் பக்கத்து வெயிலில், மா விளைகின்றது. பூக்கும் காலத்தில் மாவுக்கு வறண்ட வானமே வேண்டும். அதை அடிவாரம் தருகின்றது.

இவ்வடிவாரத்துத் தோட்டங்கள் பல, ஒரே குடும்பத்தின் கையில் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை என இருப்பவை. அவற்றுள் பழம் விற்பவை பல; பழத்தோடு கன்றும் விற்பவை சில. எங்கள் குடும்பத் தோட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தாவரவியல் படிக்கத் தொடங்கிய பிறகு, வீட்டில் அன்றாடம் நடக்கும் இவ்வேலையை ஒரு பாடமாக எண்ணிப் பார்க்கத் தோன்றியது. கன்று விற்கும் தொழிலுக்குக் குடும்பம் ஏன் இத்தனை தேவைப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கொட்டையும் ஒட்டும்

மல்கோவாப் பழத்தைத் தின்று கொட்டையை நட்டால் மல்கோவா வருமா? வாராது. மாம்பூவில் அயல்மகரந்தச் சேர்க்கை மிகுதி. ஆகவே கொட்டைக்குள் இருக்கும் கரு, தாயின் குணத்தோடு வேறொரு மரத்தின் குணத்தையும் ஏற்றிருக்கும். கேரளத்தின் ஒலூர், சந்திரக்காரன் போன்ற சில வகைகளில் மட்டும் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை தாயை ஒத்திருக்கும். நம் சேலத்து வகைகள் அப்படியல்ல.

இதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1889இல் இந்தியாவிலிருந்து புளோரிடாவுக்கு ஒட்டு மாங்கன்றுகள் சில அனுப்பப்பட்டன. அவற்றுள் மல்கோபா என்ற பெயருடைய ஒரு மரம் கடுங்குளிருக்குத் தப்பிப் பிழைத்தது. அதன் கொட்டைகளை 1902இல் ஹேடன் என்ற முன்னாள் இராணுவ அதிகாரி நட்டார். மறு ஆண்டே அவர் இறந்தார். அவருடைய மனைவி நீரூற்றி வளர்த்தார். 1910இல் காய்த்த பழம் தாயைப் போல் இல்லை. சிவப்பேறிய புதுவகையாக இருந்தது. அதுவே உலகச் சந்தைகளில் பெயர் பெற்ற ‘ஹேடன்’ மா. புதியது பிறந்தது நல்லதுதான். ஆனால் மல்கோவா வேண்டும் என்று காசு கொடுத்தவருக்கு மல்கோவாவே கிடைக்க வேண்டும் அன்றோ? அதற்கு ஒட்டு ஒன்றே வழி.

ஆடி மாத வேலை

மாங்கொட்டை நெடுநாள் உயிரோடு இராது. ஒரு மாதம் கடந்தால் முளைப்புத் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே பழக்காலம் முடியுமுன்பே நாட்டு மாங்கொட்டைகளைப் பொறுக்கி மணற்பாத்தியில் பதிப்போம். இரண்டு மூன்று வாரங்களில் செம்பு நிறத் தளிருடன் முளை எழும். இதுவே வேர்ச்செடி.

இன்னொரு பக்கம் தாய்மரத்தில் வேலை நடக்கும். மூன்று, நான்கு மாதம் முதிர்ந்த, பூக்காத கிளைநுனியைத் தேர்ந்து, காம்பு மட்டும் நிற்கும்படி இலைகளை நறுக்கி விடுவோம். ஏழு முதல் பத்து நாளில் காம்புகள் தாமே உதிரும். நுனி மொட்டு பருத்து நிற்கும். அப்போது குச்சியை வெட்டி, அடியை ஆப்புப் போலச் சீவி, வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து அதனுள் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவோம். பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம் என்னும் படலம் இரண்டிலும் ஒன்றையொன்று தொட வேண்டும்; இல்லையேல் குச்சி காய்ந்து போகும். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் இப்படலத்தை முதன்முதலாகக் கண்டபோது, “இதைத்தான் அப்பா ‘பச்சை நரம்பு’ என்பார்” என்று பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னேன்.

பாட்டி காலத்தில் முறை வேறு. வேர்ச்செடியைத் தொட்டியோடு தூக்கி, தாய்மரத்தின் கிளைக்கருகே பரண் கட்டி வைத்து, இரண்டின் தண்டையும் சிறிது சீவி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டு மூன்று மாதம் ஒட்டிய பின்னரே தாயிடமிருந்து அறுப்பார்கள். பரணில் இருக்கும் தொட்டிகளுக்குத் தினமும் நீர் சுமக்க வேண்டும். பாட்டியின் தோள்வலிக்கு அதுவே காரணம் என்பது அவர் முடிவு. மருத்துவர் வேறு சொல்கிறார்.

பழத்தின் காசும் கன்றின் காசும்

மாம்பழம் சித்திரையில் தொடங்கி ஆனிக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அதிலும் மல்கோவா குறைவாகவும் தாமதமாகவும் காய்ப்பது. ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுப்பது. பெங்களூரா என்னும் கிளிமூக்கு மட்டும் ஆண்டுதோறும் தாராளமாகக் காய்க்கும். ஆனால் விலை குறைவு. பணமுடை உள்ளவர்கள் பூவிலேயே விலை பேசித் தோப்பைக் குத்தகைக்கு விடுகிறார்கள். தத்துப்பூச்சியோ மழையோ பூவை அழித்தால் நட்டம் குத்தகைதாரருக்கு. காய் குலுங்கினால் இலாபமும் அவருக்கே.

நேரே விற்க வழியில்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் சேலத்துக்கும் வந்தது. அடையாள அட்டை பெற்ற உழவர் அங்கே கடை வாடகையின்றித் தம் விளைபொருளைத் தாமே விற்கலாம். சின்னக்கடை வீதிக் கடைகளுக்குக் கொடுப்பதைவிடக் கைக்கு வருவது கூடுதல். ஆயினும் அதுவும் பழமிருக்கும் வரையில்தான். ஆடி பிறந்து மழை விழுந்தால் பழக்கூடை காலியாகும். அந்நேரத்தில்தான் கன்று கேட்டு ஆள் வரும். பழம் தராத ஆண்டிலும் தாய்மரம் குச்சி தரும். கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதமும் அதுவே என்பதால் எனக்கு இக்கணக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாண்டுக் கடன்

பழம் வாங்குபவர் அன்றே அறுத்துப் பார்த்து நல்லது கெட்டது அறிவார். கன்று வாங்குபவருக்கு அது இயலாது. ஒட்டுக்கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். மல்கோவாவுக்கு இன்னும் கூடும். அதுவரை அவர் நீரையும் எருவையும் நிலத்தையும் நம் சொல்லை நம்பிக் கடனாகக் கொடுக்கிறார் எனலாம்.

சென்ற ஆண்டு வாழப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், துண்டில் இரண்டு காயும் ஒரு கொத்து இலையும் முடிந்துகொண்டு வந்தார். “மல்கோவான்னு சொல்லித்தான் ஆத்தா குடுத்தான். இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். வண்டியில் ஊர் ஊராகக் கன்று விற்பவரிடம் வாங்கியவராம். பாட்டி இலையைக் கசக்கி முகர்ந்தார். “ஒட்டு எப்பவோ பட்டுப்போச்சு சாமி. அடிச்செடி தளிச்சுக் காய்ச்சிருக்கு” என்றார். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. விற்றவரை இனி எங்கே போய்த் தேடுவது?

ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் தளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்று விற்கும்போதே சொல்லியிருந்தால் அவருடைய ஐந்தாண்டு வீணாகியிராது. எங்கள் தோட்டத்தில் கன்று வாங்கியவரும் சண்டைக்கு வந்ததுண்டு. ஆனால் வருவதற்கு இடம் இருந்தது. கேட்க ஆளும் இருந்தது. தாத்தா விற்ற கன்றுக்கு அப்பா பதில் சொல்கிறார். குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருப்பதே இவ்வணிகத்தின் உத்தரவாதச் சீட்டு.

தாய்மரம் யார் பங்கு?

அந்த நிலைப்புக்குத்தான் இப்போது சோதனை. 1970–71இல் இந்தியாவில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரிப் பரப்பு 2.28 ஹெக்டேர், 2015–16 கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேரே. பத்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு நாற்பது மாமரங்கள்தாம். இருவர் மூவராகப் பிரித்தால் பழத்தை மட்டும் நம்பி ஒரு வீடு நடவாது. ஆனால் கன்றுப் பண்ணைக்குச் சில சென்ட் நிலமும் கொஞ்சம் நிழலும் தண்ணீரும் போதும். எனவே சிறுத்துப்போன நிலத்துக்கு ஏற்ற தொழில் இதுவே என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை உண்டு: நம்பத்தகுந்த தாய்மரம் எட்டும் தூரத்தில் வேண்டும்.

பாகப்பத்திரத்தில் கிணற்றுத் தண்ணீருக்கு முறை எழுதுவார்கள். வண்டிப்பாதைக்கு அளவு எழுதுவார்கள். தாய்மரத்தில் குச்சி எடுக்கும் முறையை எழுதுவதாக நான் கேட்டதில்லை. மரம் விழுந்த பங்குக்காரர் அதை வெட்டி மனையாக விற்றால், மற்றவர்கள் பாத்தியில் வேர்ச்செடி மட்டும் நிற்கும். ஒட்டுவதற்குக் குச்சி இராது. பத்திரம் எழுதுவோர் இதற்கும் ஒரு வரி சேர்க்கலாம்: இன்ன மரத்தில், இன்ன மாதத்தில், பங்காளிகள் அனைவரும் குச்சி எடுக்க உரிமை உடையவர்.

பங்காளிகள் என்றால் ஆண்கள் மட்டும் அல்லர். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989இல் திருமணமாகாதிருந்தோருக்கும், 2005இல் நாடு முழுவதும் எல்லாப் பெண்களுக்கும் சட்டமாயிற்று. எங்கள் வீட்டில் இவ்வாண்டு பாகப் பேச்சு நடக்கிறது. கிணற்றடி நிலத்தையும் சாலையோரத்தையும் சித்தப்பாக்கள் கேட்டார்கள். அத்தை கேட்டது மேட்டுப்பகுதியில் இருபது சென்ட். அங்கே தண்ணீர் இல்லை, பாதையும் இல்லை. மல்கோவாத் தாய்மரம் இருக்கிறது.