பரணில் இருந்து இறங்கிய 58 சிப்பாய்கள்

கேள்வி: என் தகப்பனார் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 1974-இல் விடுப்பில் ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு பை நிறைய பிளாஸ்டிக் சிப்பாய்கள் கொண்டுவந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. பிறகு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றியதைச் சென்ற மாதம்தான் இறக்கினேன். எண்ணிப் பார்த்தால் 58 பேர். பெரும்பாலும் பச்சை, 12 பேர் மட்டும் சிவப்புச் சட்டையும் உயரமான கறுப்புத் தொப்பியுமாக வண்ணம் பூசியவர்கள். கம்பெனிப் பெயர் எதிலும் இல்லை. காலடித் தட்டின் அடியில் ஆங்கிலத்தில் ‘ஹாங்காங்’ என்று மட்டும் இருக்கிறது. பேரன் ஒன்றை எடுத்து விளையாட, துப்பாக்கி ஒடிந்துவிட்டது. இவற்றைச் செய்தது யார்? விலை போகுமா? இனி எப்படி வைத்துக்கொள்வது?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, முதல் காரியமாக அந்த ஒடிந்த துப்பாக்கியைத் தேடி எடுத்து, சிறு காகித உறையில் போட்டு, அதே சிப்பாயோடு சேர்த்து வையுங்கள். குப்பையில் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்ப்போம்.

‘ஹாங்காங்’ என்ற சொல்லில் இருந்தே தொடங்கலாம். வெளிநாட்டுச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் விதி. ஆகவே ஊர்ப் பெயரை வார்ப்பு அச்சான டையிலேயே வெட்டிவிட்டார்கள். தொழிற்சாலைப் பெயரைக் கேட்பார் இல்லை. ஒரே டையில் வார்த்த சிப்பாய்களைப் பல இறக்குமதியாளர்கள் வாங்கிப் பையில் போட்டு, வாயில் ஓர் அட்டையை மடித்துப் பின் அடித்து, அதில் தங்கள் பெயரை அச்சடித்துக்கொண்டார்கள். கம்பெனிப் பெயர் என்று இருந்ததெல்லாம் அந்த அட்டையில்தான். ஏழு வயதுப் பிள்ளை பையைக் கிழித்ததும் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான்.

அதனால், செய்தது யார் என்பதைச் சிப்பாயின் உடம்பில்தான் படிக்க வேண்டும். உங்கள் சிவப்புச் சட்டைக்காரர்கள் லண்டன் அரண்மனைக் காவல்படையினர். அந்த உயரத் தொப்பி கரடித் தோலில் செய்வது. ஈயச் சிப்பாய்களை உள்ளே கூடாக வார்க்கும் முறையை 1893-இல் கொண்டுவந்த பிரிட்டன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம், பின்னாளில் ‘ஹெரால்டு’ என்ற பெயரில் இதே காவல்படையினரைப் பிளாஸ்டிக்கிலும் விற்றது. அவை பெயர் பொறித்தே வரும். பெயரில்லாமல் ‘ஹாங்காங்’ மட்டும் இருந்தால், பெரும்பாலும் வேறொரு பட்டறை அதைப் பார்த்து எடுத்த நகல்.

நகலை அளந்தே கண்டுபிடிக்கலாம். இவற்றை வார்க்கும் பிளாஸ்டிக்கான பாலித்தீன், உருகிய நிலையிலிருந்து டைக்குள் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். மூலச் சிப்பாயை வைத்தே டை எடுத்தால், அதில் வருகிறவன் அந்த அளவுக்குக் குட்டையாவான். அவனை வைத்து இன்னொருவர் டை எடுத்தால் இன்னும் குட்டை. இந்த வகையில் வழக்கமான உயரம் 54 மில்லிமீட்டர். நகல் 52 அருகே நிற்கும், நகலின் நகல் 51 அருகே. தொப்பியை விட்டுவிட்டு, பாதத்திலிருந்து கண்மட்டம் வரை அளந்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள். உயரம் குறையக் குறைய முகமும் மழுங்கும். சட்டைப் பொத்தான்கள் முதலில் காணாமல் போகும், பிறகு விரல்கள், பிறகு மூக்கு.

ஒரு பச்சைச் சிப்பாயை ஜன்னல் ஓரம் பிடித்துப் பாருங்கள். தலைக் கவசத்தின் உச்சியிலிருந்து தோள், இடுப்பு, கால் என்று பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு இறங்கும். டையின் இரண்டு பாதிகளும் கூடிய இடம் அது. டை தேய்ந்திருந்தால் அந்தக் கோட்டில் பிசிறு நிற்கும். துப்பாக்கி மார்போடு ஒட்டியே இருப்பதையும் கவனியுங்கள். இடையில் சந்து விட்டால் டை திறக்கும்போது சிப்பாய் மாட்டிக்கொள்வான். அதனால் கைக்கும் மார்புக்கும் நடுவே பிளாஸ்டிக்கை நிரப்பிவிட்டார்கள். காலடித் தட்டுக்கு அடியில் சிறு வட்டத் தழும்பு தெரிந்தால், வார்த்தவனை டையிலிருந்து வெளியே தள்ளிய ஊசியின் தடம்.

வண்ணம் பூசிய 12 பேரையும் வரிசையாக நிறுத்துங்கள். ஒருவனுக்குக் கண் சற்று மேலே, ஒருவனுக்கு இடுப்புப் பட்டை கோணல், ஒருவனுக்கு வாய்க்கு வைத்த சிவப்பு தாடையில். அந்தக் காலத்து ஹாங்காங்கில் பிளாஸ்டிக் பூக் கட்டுவது, பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது போன்ற வேலைகளைக் குடும்பமாக வீட்டில் உட்கார்ந்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிச் செய்தார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றியது போலத்தான். அந்தக் கோணல்களை நான் பூதக்கண்ணாடியில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு கை தெரிகிறது. பொம்மைச் சிப்பாய் சேகரிப்பதை என்னால் விட முடியாததற்கு அதுதான் காரணம்.

பெயரில்லாத இந்தச் சரக்கிலிருந்து என்னவெல்லாம் கிளைத்தது என்பதற்கு ஓர் உதாரணம். பூதங்களோடு மோதும் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற கற்பனை விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடையொன்றில் ஹாங்காங் விலங்குப் பொம்மைப் பை ஒன்றை வாங்கினார். ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்ற பெயரில் விற்ற அவற்றில் சில எந்த விலங்கோடும் ஒத்துப்போகாத விசித்திரப் பிறவிகள். இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதமும், ஆந்தைத் தலைக் கரடியும் அந்தப் பையிலிருந்து பிறந்து, அந்த விளையாட்டுக்குள் புகுந்து, 50 ஆண்டுகளாக உலகெங்கும் விளையாடப்படுகின்றன. அவற்றை முதலில் செதுக்கியவர் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

விலை பற்றிக் கேட்டீர்கள். மனம் நோகாமல் கேளுங்கள்: பையும் அட்டையும் இல்லாத உதிரிச் சிப்பாய்களுக்குப் பெரிய விலை கிடையாது. கிழியாத பை, பின் கழலாத அட்டை, டப்பாவோடு முழு செட் என்றால்தான் பணம். காசுக்காக என்றால் விற்காதீர்கள். கைக்கு வருவது மனசுக்குக் காணாது.

இனிப் பாதுகாப்பு. பாலித்தீனுக்கு எதிரி வெயிலும் வெக்கையும். பரணில் இத்தனை கோடை கிடந்தவை உள்ளுக்குள் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். அதனால்தான் துப்பாக்கி ஒடிந்தது. பேரனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பச்சைச் சிப்பாய்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வண்ணம் பூசியவர்கள் மேல் தண்ணீர் படவே கூடாது. பாலித்தீனில் பெயிண்ட் ஊறாது, மேலே படிந்து மட்டுமே நிற்கும். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு முரசுக்காரனைக் குழாயடியில் தேய்த்தேன். சிவப்புச் சட்டை முழுத் தோலாக உரிந்து என் உள்ளங்கையில் கிடந்தது. அந்த வெள்ளை உடம்பை இன்றும் வைத்திருக்கிறேன். இவர்களுக்கு உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். உதிரும் பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள், தொட்டால் கை கழுவச் செய்யுங்கள்.

ஒடிந்ததை ஒட்ட முயல வேண்டாம். பாலித்தீனில் சாதாரணப் பசை பிடிக்காது, கறைதான் மிஞ்சும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். துவைத்த பழைய வேட்டித் துணியே நல்லது. டப்பாவில் அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தொட்டால் பிசுபிசுக்கிற பொம்மை இருந்தால் அது பி.வி.சி.; தனியே வையுங்கள். துருவேறிய தகர டப்பாவை மாற்றி, பரணை விட்டு அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னும் இரண்டு வேலைகள். உங்கள் அப்பா இவற்றை எந்த ஆண்டு, எந்தப் பயணத்தில் கொண்டுவந்தார், அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதித் துணிக்கு மேல் வையுங்கள். அட்டை போய்விட்ட இந்தச் சிப்பாய்களுக்கு இனி அந்தத் தாள்தான் அட்டை.

அடுத்து, பேரனுக்குத் திருவிழாக் கடையிலோ ஃபேன்சி ஸ்டோரிலோ ஒரு பை சிப்பாய் வாங்கிக் கொடுங்கள். இப்போது காலடியில் ‘சைனா’ என்றிருக்கும். ஆனால் மண்டியிட்டுச் சுடுபவன், குண்டு எறியக் கை ஓங்கியவன் என்று பல தோற்றங்கள் இன்னும் அந்தப் பழைய பிரிட்டிஷ், அமெரிக்க மூலங்களின் நகல்களே. உங்கள் டப்பாவில் இருக்கும் ஒருவனே புதுப் பையிலும் இருக்க வாய்ப்பு உண்டு. கண்டுபிடித்தால் இருவரையும் மேஜையில் நிறுத்தி, ஸ்கேலைப் பேரன் கையில் கொடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் குறைவு என்று அவன் சொல்வதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.