வயோலாவும் பண்ணைப்புரமும்



வயலின் எல்லாருக்கும் தெரியும். வயோலா தெரியுமா? பார்க்க வயலின் மாதிரியே இருக்கும், ஆனா கொஞ்சம் பெரிசு. 4 தந்திகள். அதில் ஒரு தந்தி வயலினை விடத் தாழ்ந்த சுரம் தரும். அதனால் குரல் கனமாக இருக்கும். சிம்பொனியில் தந்தி வாத்தியம் 5 பிரிவு: முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். வயோலா நடுவில். அது தனியாக நம்ம காதில் விழாது, எடுத்துவிட்டால் பாட்டு மெலிந்து போகும்.

நம்ம பஜனையில் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். சிம்பொனியில் ஒவ்வொரு பிரிவுக்கும் வேற வேற மெட்டு, எல்லாம் ஒரே நேரத்தில். அதை ஒருவர் 5 கோடு போட்டுத் தாளில் எழுதித் தரணும். அப்படி எழுதியவர் நம்ம மாவட்டத்துக்காரர், இளையராஜா. அவர் எப்படிப் படித்தார்?

1. கேள்வி ஞானம்: 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தார். அப்போது அது மதுரை மாவட்டம். (தேனி மாவட்டம் 1996-இல்தான் வந்தது.) 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜன் கச்சேரிக் குழுவில் சேர்ந்தார். பத்து வருஷம் ஊர் ஊராக வாசித்தார்.

2. எழுத்து: 1968-இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவரானார். அப்போது வயது 25! மேல்நாட்டு இசையை எழுதவும் படிக்கவும் அங்கேதான் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் படிப்பை அஞ்சல் வழியில் முடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். கர்நாடக இசையும் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் படித்தார்.

3. வேலை: சலில் சௌத்ரி போன்றோருக்குக் கிட்டார் வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, அவர் போட்ட மெட்டுக்கு வாத்தியங்களைப் பிரித்து எழுதினார். பிறகுதான் 1976-இல் "அன்னக்கிளி". அப்போது வயது 32.

2025 மார்ச் 8-இல் அவருடைய "வேலியண்ட்" சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. வயோலா கலைஞர்கள் முன்னால் இருந்த தாளும் அவர் எழுதியதுதான்.

இதைப் படித்ததும் என் பக்கத்து பெஞ்சு தோழி ஒரு கேள்வி கேட்டாள். "அவரு ஆம்பளப் பிள்ள, அண்ணங்கூட ஊர் ஊராப் போனாரு. நம்மள பத்தாவதோட நிப்பாட்டிருவேன்னு சொல்றாங்க. நாம எங்க போறது?" நியாயமான கேள்விதான். எனக்கும் 14 வயசுதான். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் அம்மாவிடம், "பாட்டு படிக்க அனுப்பு" என்று கேட்க முடியுமா?

ஆனால் 2-ஆவது படியைத் திரும்பப் பாருங்கள். லண்டன் படிப்பை அவர் லண்டன் போகாமல்தான் படித்தார். எழுத்து தெரிந்தால் பாடம் வீடு தேடி வரும். ஊர் ஊராகப் போக முடியாத நமக்குத்தான் அது ரொம்பத் தேவை. 25 வயதில் தொடங்கியவரே தங்கம் வாங்கினார் என்றால், பத்தாவதோடு படிப்பு முடியும் என்று யார் சொன்னது?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம்ம பள்ளியில் பாட்டு ஆசிரியர் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் சுரம் எழுதிப் பழக அனுமதி தாருங்கள். ஒரு கரும்பலகை போதும்.

விடை சொல்லுங்கள்:
1. சிம்பொனியில் தந்தி வாத்தியங்கள் எத்தனை பிரிவு?
2. இளையராஜா இசையை எழுதப் படித்தது யாரிடம்?
3. நீங்கள் எழுதிப் பழக விரும்பும் பாட்டு எது?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி