ரெண்டு ஃபார்ம் 16 இருக்கா? 75,000-ஐ எத்தனை தடவை கழிக்கணும்?



நாலாம் வகுப்பில் கதை மாதிரி எழுதியிருக்கும் கணக்குகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தாங்க. "மொத்தம்"னு வந்தா கூட்டு, "மீதி"னு வந்தா கழி. பரீட்சைக்கு அது போதும். சம்பளக் கணக்குக்குப் போதாது. வீடியோவில் வேகமாகப் போன கணக்கை இங்கே ஒவ்வொரு படியாகப் போட்டுப் பார்ப்போம். பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

முதல்ல சின்னதா ஒண்ணு

பி.எஃப். 1,800 ரூபாய், மெடிக்கல் இன்சூரன்ஸ் 860 ரூபாய் பிடித்தது போக, ஒருவரின் அக்கவுண்ட்டில் 52,340 ரூபாய் விழுந்தது. பிடிப்பதற்கு முன் அந்த மாதச் சம்பளம் எவ்வளவு?

"பிடித்தது போக"ன்னு பார்த்ததும் கை தானாகக் கழிக்கப் போகும். ஆனால் 52,340 என்பது ஒரு பகுதிதான். கேள்வி கேட்பது முழுத்தொகையை. பகுதிகளைச் சேர்த்தால்தான் முழுத்தொகை வரும்.

52,340 + 1,800 + 860 = 55,000

அதனால் வார்த்தையை நம்பாதீங்க. ஒவ்வொரு எண்ணையும் பார்த்து ரெண்டு கேள்வி கேளுங்க. இது முழுசா, பகுதியா? இதில் ஏற்கெனவே ஏதாவது கழிச்சாச்சா?

இப்போ பெரிய கணக்கு

ஒருவர் தாம்பரம் மெப்ஸில் மாதம் 95,000 சம்பளத்தில் இருந்தார். 2025 அக்டோபர் 1-ஆம் தேதி ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனிக்கு மாறினார். அங்கே மாதம் 1,30,000. புதிய வரி முறை. வேறு வருமானம் இல்லை. 2025-26 நிதியாண்டுக்கு வரி எவ்வளவு?

பழைய கம்பெனியில் 6 மாதச் சம்பளம் 5,70,000. புது கம்பெனியில் 6 மாதச் சம்பளம் 7,80,000. ரெண்டு பேருமே டி.டி.எஸ். பிடிக்கலை. பழைய கம்பெனி முழு வருஷத்துக்கு 11,40,000-னு கணக்குப் போட்டது. புது கம்பெனிக்குத் தெரிஞ்சது 7,80,000 மட்டும். அவங்கவங்க கணக்குப்படி வரியே வராது.

மே, ஜூனில் ரெண்டு ஃபார்ம் 16 கைக்கு வருது. வரிக்குரிய வருமானம்னு கடைசியில் இருக்கும் எண்கள்:

5,70,000 − 75,000 = 4,95,000
7,80,000 − 75,000 = 7,05,000

ரெண்டையும் கூட்டினால் சரியாக 12,00,000. 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருக்கு, வரி பூஜ்யம்! சந்தோஷமா ரிட்டர்ன் போட்டுடுவாங்க.

கூட்டலில் தப்பே இல்லை. தப்பு வேற இடத்தில் இருக்கு. அந்த 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான். கம்பெனிக்கு ஒரு தடவை கிடையாது. ரெண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் மாட்டியிருக்கும். 4,95,000-லயும் 7,05,000-லயும் ஏற்கெனவே கழிச்சாச்சு.

சரியான வரிசை இதுதான். முதலில் மொத்தச் சம்பளங்களைக் கூட்டணும், அப்புறம் ஒரே ஒரு தடவை கழிக்கணும்.

5,70,000 + 7,80,000 = 13,50,000
13,50,000 − 75,000 = 12,75,000

இப்போ வரி:

முதல் 4 லட்சம்: 0
4 முதல் 8 லட்சம், 5%: 20,000
8 முதல் 12 லட்சம், 10%: 40,000
மீதி 75,000-க்கு 15%: 11,250
கூட்டினால்: 71,250
4% செஸ்: 2,850
கட்ட வேண்டியது: 74,100

"12 லட்சத்தை லேசா தாண்டினா மார்ஜினல் ரிலீஃப் உண்டே?"ன்னு கேட்பீங்க. அதுவும் ஒரு கழித்தல்தான். 12,75,000 − 12,00,000 = 75,000. செஸ்ஸுக்கு முந்தைய வரி இந்தத் தொகையைத் தாண்டினால்தான் ரிலீஃப். இங்கே வரி 71,250, குறைவு. அதனால் ரிலீஃப் இல்லை.

ஒரு 75,000-ஐ ரெண்டு தடவை கழித்ததற்கு விலை 74,100 ரூபாய். அதோட முடியலை. டி.டி.எஸ். போக கட்ட வேண்டிய வரி 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்கணும். கட்டாததால் ஏப்ரலில் இருந்து மாதம் 1% வட்டி (234பி), தவணை தவறியதற்கு 234சி வட்டி தனி.

என்ன பண்ணலாம்?

புது கம்பெனியில் சேர்ந்த உடனே பழைய சம்பள விவரத்தைக் கொடுத்துடுங்க. அவங்க மொத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 74,100-ஐ ஆறு மாதத்தில் மாதம் 12,350 வீதம் பிடிச்சிடுவாங்க. ஒரே அடியாக விழாது. வருஷம் முடிஞ்சிருந்தால், வட்டியோடு வரியைக் கட்டிட்டு ரிட்டர்ன் போடுங்க. ரெண்டு ஃபார்ம் 16-லயும் மொத்தச் சம்பள வரியை எடுத்து ஏ.ஐ.எஸ்.ஸோட ஒப்பிட்டுப் பாருங்க.

விடையைச் சரிபார்க்கத் தலைகீழாகப் போங்க: 12,75,000 + 75,000 − 7,80,000 = 5,70,000. பழைய சம்பளம் திரும்ப வந்தால் கூட்டல் கழித்தல் சரி.

நீங்க போட்டுப் பாருங்க

பழைய கம்பெனியில் மொத்தச் சம்பளம் 6,12,500. புதியதில் 6,47,000. அதே நிதியாண்டு, அதே வரி முறை. வரி உண்டா? வரி வராமல் இருக்க எஃப்.டி. வட்டி எவ்வளவு வரை வரலாம்?

விடை: 6,12,500 + 6,47,000 = 12,59,500. அதில் 75,000 கழித்தால் 11,84,500. வரி இல்லை. 12,00,000 − 11,84,500 = 15,500. எஃப்.டி. வட்டி அதுவரை வரலாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து உங்க வட்டி எவ்வளவுன்னு இன்னிக்கே பார்த்துடுங்க.