முதுமையும் உடற்றகைமையும்

மாணவர்களே, நீங்கள் அமர்ந்திருக்கும் கதிரையில் இருந்து கைகளை ஊன்றாமல் ஒருமுறை எழுந்து பாருங்கள். உங்களுக்கு இது ஒரு வேலையே அல்ல. வீட்டில் அம்மம்மா எழும்போது கவனியுங்கள். கைப்பிடியைப் பற்றி, முன்னால் சாய்ந்து, இரண்டாம் முயற்சியில்தான் அவர் எழக்கூடும். காரணம் கேட்டால் பலரும் "வயது" என்று ஒரே சொல்லில் விடை எழுதுவர். அவ்விடை பாதிதான் சரியானது.

வயது ஏறும்போது தசை நார்களின் எண்ணிக்கையும் பருமனும் குறைகின்றன. இதயத்தின் உச்சத் துடிப்பு வீதம் குறைவதால் உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவும் குறைகின்றது. மூட்டுகள் இறுகுகின்றன, என்புகளின் அடர்த்தி குறைகின்றது. ஆனால் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த இளைஞனின் தொடையும் சில வாரங்களில் மெலிந்துவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே வயது காரணமல்ல, பயன்படுத்தாமையே காரணம். முதியவரின் பலவீனத்திலும் இவ்விரண்டும் கலந்தே உள்ளன. பயன்படுத்தாமையால் இழந்த பங்கைப் பயிற்சியால் மீட்க முடியும்.

இதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் நடைபெற்று, 1990 இல் வெளியான ஆய்வாகும். இதில் பங்குபற்றிய 10 பேரும் 86 முதல் 96 வயது வரையானவர்கள். முழங்காலை நீட்டும் தசைகளுக்கு அவர்கள் சுமைப் பயிற்சி செய்தனர். ஒரு தடவை தூக்கக்கூடிய உச்சச் சுமையின் ஏறத்தாழ 80 சதவீதம் வரை சுமை உயர்த்தப்பட்டது. பயிற்சி 8 வாரங்கள் நீடித்தது. நிறைவு செய்த 9 பேரின் தசை வலிமை சராசரியாக 174 சதவீதத்தால் கூடியது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். வலிமை 174 சதவீதத்தால் கூடியபோதும் தொடைத் தசையின் பரப்பு கூடியது ஏறத்தாழ 9 சதவீதமே. தசை பெருக்காமல் வலிமை எவ்வாறு பெருகியது? பயிற்சியின் தொடக்க வாரங்களில் முதலில் மாறுவது நரம்புத் தொகுதியாகும். சோம்பிக் கிடந்த தசை நார்களை மூளையும் முண்ணாணும் கூடுதலாகவும் ஒருங்கிணைவாகவும் இயக்கப் பழகுகின்றன. தசை பருமனாவதற்கு இதைவிட நீண்ட காலம் வேண்டும். பரீட்சையில் இதனைக் குறிப்பிடும் மாணவர் மிகச் சிலரே.

பயிற்சியை நிறுத்தி 4 வாரங்கள் சென்றதும் அதே முதியோர் உச்ச வலிமையில் 32 சதவீதத்தை இழந்தனர். பெற்ற தகைமை பயிற்சி நின்றதும் குறையும் என்ற மீள்தன்மைக் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

1994 இல் அதே நகரில் 100 முதியோருடன் நடந்த ஆய்வில் சிலருக்குப் பயிற்சியும் சிலருக்குப் போசாக்குப் பானமும் சிலருக்கு இரண்டும் வழங்கப்பட்டன. பயிற்சி செய்தோரின் வலிமையும் நடை வேகமும் மாடிப்படி ஏறும் ஆற்றலும் கூடின. பானம் மட்டும் பெற்றோரின் தசை பலவீனம் குறையவில்லை. "அப்பாவுக்குச் சத்து மா கரைத்துக் கொடுத்தால் போதும்" என்று எண்ணும் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி இது.

வேகமான நடை இதய, சுவாசத் தாங்குதிறனை வளர்க்கும். சமநிலைப் பயிற்சி விழுவதைக் குறைக்கும். 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்செயற்பாட்டில் ஈடுபட வேண்டும் எனவும், தசை வலிமைப் பயிற்சியை இரு நாட்களாவது செய்ய வேண்டும் எனவும் உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்தது. இதய நோய், உயர் குருதி அமுக்கம் உள்ளோர் வைத்திய ஆலோசனை பெற்றே தொடங்க வேண்டும். சுமை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் குருதி அமுக்கம் சடுதியாக உயரும்.

மாதிரி வினா

72 வயதான ஒருவர் கதிரையில் இருந்து எழுவதற்குச் சிரமப்படுகின்றார்.
(அ) அவரிடம் குறைந்துள்ள உடற்றகைமைக் காரணி ஒன்றைக் குறிப்பிடுக.
(ஆ) அவருக்குப் பொருத்தமான பயிற்சி ஒன்றைக் கூறி, சுமையைப் படிப்படியாக எவ்வாறு கூட்டுவீர் என விளக்குக.
(இ) ஒரு மாதம் பயிற்சியை நிறுத்தினால் ஏற்படும் விளைவைக் காரணத்துடன் எழுதுக.

(ஆ) பகுதிக்கு "நடைப்பயிற்சி" என எழுதி நிறுத்த வேண்டாம். வினா தொடைத் தசையின் வலிமை பற்றியது. கதிரையில் எழுந்து அமர்தலை முதலில் கைகளின் உதவியுடனும், பின்னர் உதவியின்றியும், அதன் பின்னர் தடவைகளைக் கூட்டியும் செய்வதாக எழுதுங்கள்.