கணிப்பொறிக்கும் ஒரு தொம்பை

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. எங்கள் கொல்லிமலைப் பெரியவர்கள் இதனை ஏட்டில் படித்தவர்கள் அல்லர், வாழ்ந்து காட்டியவர்கள். சாமை, தினை, கேழ்வரகு அறுவடையானதும் விதைக்கென நல்ல கதிர்களை முதலில் ஒதுக்கி விடுவார்கள். மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பையில் தானியத்தைச் சேமிப்பார்கள். ஒரு வீட்டில் விதை தீர்ந்தால் அடுத்த ஊர் உறவினரிடம் கிடைக்கும். 1988-இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பின்னாளில் இம்மலையில் ஊர் விதை வங்கிகள் அமையவும் துணை நின்றது.

சென்ற ஆண்டு நாங்கள் இவ்விதைகளைப் பற்றியே ஒரு தொகுப்புச் செய்தோம். எங்கள் பாட்டிமாரிடம் சென்று, விதைகளின் பெயர்களையும் நடவுப் பாட்டுகளையும் கேட்டுப் பதிவு செய்து, பள்ளிக் கணிப்பொறியில் சேர்த்து வைத்தோம். ஐப்பசி மாதத்து இடி மழையில் ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் அதன் பின் இயங்கவில்லை. விதையைக் காப்பது பற்றி எழுதிய நாங்கள், எழுதியதைக் காக்கத் தவறினோம்! பலரிடம் மறுபடி சென்று கேட்டோம். ஆனால் ஒரு பாட்டி அதற்குள் இறைவனடி சேர்ந்துவிட்டார். அவர் குரல் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

காப்புப் பிரதி என்பது யாது?

ஒரு கோப்பின் நகலை வேறோர் இடத்தில் வைப்பதே காப்புப் பிரதி. அதே டிஸ்க்கில் இன்னொரு உறையில் நகலெடுப்பது காப்பு ஆகாது; டிஸ்க் கெட்டால் இரண்டும் போய்விடும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இருந்த நூல்களை மீண்டும் பெறலாம். ஒரே படியாக இருந்தவை போனவை போனவையே. இன்று நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேமித்து வருகின்றனர்.

தானாக நடக்கும் ஏற்பாடு

முதலில், வாரந்தோறும் நகலெடுக்க எங்களுள் ஒருத்தியை நியமித்தோம். தேர்வு வந்ததும் அனைவருமே மறந்தோம். எனவே சிஸ்டர் அவர்கள் கணிப்பொறியே அப்பணியைச் செய்யும் வழியைக் கற்பித்தார்கள். எங்கள் கணிப்பொறியில் உள்ளது உபுண்டு. அதில் 'டேஜா டூப்' என்னும் எளிய செயலி உண்டு. 'பேக்கப்ஸ்' என்ற பெயரில் காணப்படும். செய்ய வேண்டியவை இவை:

1. வெளியிலிருந்து இணைக்கும் டிஸ்க் ஒன்றைப் பொருத்துக. அதில் நம் கோப்புகளைவிட இரு மடங்கேனும் இடமிருத்தல் நலம்.
2. செயலியைத் திறந்து, காக்க வேண்டிய உறைகளைத் தேர்ந்தெடுக்க. குப்பைத்தொட்டி போன்றவற்றை விலக்கி விடுக.
3. நகலைச் சேமிக்கும் இடமாக அந்த டிஸ்க்கைக் குறிப்பிடுக.
4. கடவுச்சொல் வைத்தால் பிறர் படிக்க இயலாது. ஆனால் அதனை மறந்தால் நாமும் படிக்க இயலாது! தாளில் எழுதிப் பத்திரமாக வைக்க.
5. தானாக நகலெடுக்கும் வசதியை இயக்கி, நாள்தோறுமா வாரந்தோறுமா எனத் தீர்மானிக்க.

முதல் முறை எல்லாக் கோப்புகளையும் நகலெடுப்பதால் நேரம் பிடிக்கும். பிறகு மாறியவற்றை மட்டுமே எடுப்பதால் விரைவில் முடியும். குறித்த நாளில் டிஸ்க் இணைக்கப்படாவிட்டால், அடுத்து இணைக்கும்போது நகலெடுக்கும். பழைய நாட்களின் படிகளும் இருப்பதால், தவறுதலாக அழித்த கட்டுரையை முந்தைய தேதியிலிருந்து மீட்கலாம். விண்டோஸ் உள்ளவர்களுக்கு 'ஃபைல் ஹிஸ்டரி' என்னும் வசதி இதே பணியைச் செய்யும்.

கவனிக்க வேண்டியவை

டிஸ்க்கை எப்போதும் இணைத்தே வைத்தல் ஆகாது. மின்னல் தாக்கினால் இரண்டும் கெடும். 2017-இல் உலகெங்கும் பரவிய 'வானாக்ரை' போன்ற தீநிரல்கள் இணைந்திருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். ஆகவே நாங்கள் வெள்ளிக்கிழமை இணைத்து, பணி முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைக்கிறோம். மற்றொரு படி வேறு கட்டடத்தில் இருக்கிறது. மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது பீட்டர் க்ரோக் என்னும் நிழற்படக் கலைஞர் பரப்பிய விதி.

இன்னொன்று: விதையை முளைவிட்டுப் பார்ப்பது போல், காப்புப் பிரதியையும் மீட்டுப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்கிறோம். மீட்க முடியாத பிரதி, முளைக்காத விதையே.

அன்புத் தோழியரே! பெற்றோரே! உங்கள் வீட்டுக் கணிப்பொறியிலும் குடும்பப் படங்களும் தாத்தா பாட்டியின் குரல்களும் இருக்கலாம். இந்த விடுமுறையில் அரை மணி நேரம் ஒதுக்கி இவ்வேற்பாட்டைச் செய்யுங்கள். நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியருள் ஐவர் விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்றனர். நாங்கள் ஒரு முறை எண்ணெய் இல்லாமல் நின்றுவிட்டோம். நீங்கள் அவ்வாறு நிற்க வேண்டாம்.