இரைச்சலுக்காக எர்த்தைக் கழற்றலாமா?

கேள்வி: திருக்கோவில் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறோம். மிக்சரை அம்ப்ளிபயருடன் இணைத்ததும் 'ம்ம்' என்று இரைகிறது. எர்த் வயரைக் கழற்றினால் நிற்கும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், விநாயகபுரம்

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. நம் மின்சாரம் 230 வோல்ட். அம்ப்ளிபயருக்குள் ஒழுக்கு ஏற்பட்டால், மைக்கைப் பிடித்திருப்பவரின் உடல்வழியே அது இறங்கும், உயிர் போகும். இரண்டு கருவியும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆவதால்தான் பெரும்பாலும் அந்த 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். இரண்டுக்கும் ஒரே பிளக்கிலிருந்து மின்சாரம் எடுங்கள். நடுவில் பேலன்ஸ்ட் எக்ஸ்எல்ஆர் வயர் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஓடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் வாங்கிப் பூட்டுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன்: 8 ஓம் ஸ்பீக்கர் நான்கை பரலலாகக் கோர்த்தால் சுமை 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்குக் கீழே தாங்காத அம்ப்ளிபயர் சூடேறிக் கருகலாம். அதன் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்த பிறகே கோர்த்துவிடுங்கள்.