அங்கீகாரம் கல்லூரிக்கா, பாடப்பிரிவுக்கா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் இன்ஜினியரிங் பேச்சு தொடங்கிவிடும். கட்டணம் எவ்வளவு, காலேஜ் பஸ் நம் தெருப்பக்கம் வருமா, பெண் பிள்ளைகளுக்குத் தனி ஹாஸ்டல் உண்டா என்று எல்லாம் விசாரிக்கிறோம். "அங்கீகாரம் இருக்கிறதா?" என்றும் கேட்கிறோம். "எல்லாம் இருக்கிறது" என்று பதில் வந்தால், அத்துடன் விட்டுவிடுகிறோம்.

அங்கீகாரம் என்ற ஒரே சொல்லில் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஏ.ஐ.சி.டி.இ. தருவது கல்லூரி நடத்துவதற்கான அனுமதி. அண்ணா பல்கலைக்கழகம் தருவது இணைப்பு. பட்டம் அதன் பெயரில் வருவது அதனால்தான். நாக் தருவது கல்லூரி முழுமைக்குமான தர மதிப்பீடு. கல்லூரி வாசலில் 'ஏ பிளஸ்' என்று பெரிதாக எழுதியிருப்பது இதைத்தான்.

என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது கல்லூரிக்குத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. அதுவும் நிரந்தரமல்ல, மூன்று ஆண்டு அல்லது ஆறு ஆண்டு என்று கெடு வைத்துத் தருவார்கள். இரண்டு பேட்சாவது படித்து வெளியேறிய பிறகுதான் ஒரு பிரிவுக்கு இது கிடைக்கும். ஆகவே நேற்றுத் தொடங்கிய ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் பிரிவுகளுக்கும் "என்.பி.ஏ. உண்டு" என்று யாராவது சொன்னால் சற்று நிதானியுங்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2018-ல் குவைத்தில் நடந்ததே பதில். இன்ஜினியர்களின் இகாமாவைப் புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று கட்டாயமானது. இந்தியப் பட்டங்களைப் பொறுத்தவரை சங்கம் பார்த்தது என்.பி.ஏ. பட்டியலை. பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்து, அனுபவமும் நற்பெயரும் சம்பாதித்தவர்கள்கூடச் சிக்கிக்கொண்டார்கள். என்.பி.ஏ. தொடங்கப்பட்டதே 1994-ல்தான்; அதற்கு முன் படித்தவர் என்ன செய்வார்? நம் அரசு குவைத் அரசுடன் பேச வேண்டியதாயிற்று. வளைகுடாவை நம்பியே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

இன்னொன்றும் உண்டு. 2014 முதல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற உறுப்பு நாடுகள் ஒன்று மற்றதன் பொறியியல் அங்கீகாரத்தை ஏற்கும் ஏற்பாடு இது. ஆனால் என்.பி.ஏ. அங்கீகாரத்தில் 'டயர் ஒன்று' வகைக்கே இந்தப் பலன். பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் அந்த வகையில் வரும். சாதாரண இணைப்புக் கல்லூரிகள் 'டயர் இரண்டு'.

என்.பி.ஏ. இல்லாததால் பட்டம் செல்லாது என்று யாரும் பயப்பட வேண்டாம். நம் நாட்டில் மேற்படிப்புக்கும் வேலைக்கும் முறையான பல்கலைக்கழகப் பட்டம் போதும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளையைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். இனி சேரப்போகிறவர்கள்தான் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்.பி.ஏ. இணையதளத்தில் கல்லூரி வாரியாகப் பட்டியல் இருக்கிறது. பாடப்பிரிவின் பெயர், டயர், எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் பாருங்கள். கெடு முடிகிற நிலையில் இருந்தால், புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டார்களா என்று கல்லூரியிலேயே கேளுங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் கல்லூரிப் பெயரையும் பிரிவையும் ஒரு தாளில் எழுதி நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், சேர்ந்தே பார்த்துவிடலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள்.